அடைக்கலசாமி சொன்ன ‘நல்லது’

இனிமேல் இந்த வீட்டில் தன் பேச்சுதான் செல்ல வேண்டும் என்று அடைக்கலசாமி தீர்மானம் செய்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு நடுவில். அதற்கு முன்னாலும் இதே தீர்மானத்தைப் பல தடவை செய்திருக்கிறார். எதுவும் சாயங்காலக் காப்பி வரைக்கும்கூடத் தாங்கியதில்லை. ஆனால் இந்தத் தடவை விஷயம் பெரிது. வெள்ளைக்காரனே மூட்டை கட்டிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தேசத்துக்கே கிடைத்துவிட்ட சுதந்திரம் தனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்பது அவருடைய நியாயம்.

அடைக்கலசாமி அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். நாற்பது வயசு. ஒல்லி. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் எப்போதும் ஒரு சுளிப்பு. உலகத்தில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அது அவருடைய கையெழுத்து. மற்றபடி ஸ்டேஷன் மாஸ்டரின் இங்கிலீஷ், சாமியாரின் பிரசங்கம், அரியலூர் வெயில், கடலை மூட்டைக்காரன் போடும் முடிச்சு எல்லாமே அவருக்கு இளப்பம்தான். ‘இதெல்லாம் ஒரு முடிச்சா?’ என்பார். ‘இதெல்லாம் ஒரு வெயிலா?’ என்பார். ஒருநாள் திருச்சி பாசஞ்சர் தப்பித் தவறிச் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. ‘இதெல்லாம் ஒரு வருகையா?’ என்றார்.

ஊரை இப்படி இளப்பம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே மரிய புஷ்பம் இருப்பாள். அவள் புருஷனை எதிர்த்துப் பேசுவதே இல்லை. கேள்வி கேட்பாள், அவ்வளவுதான். மூன்றாவது கேள்வியில் அடைக்கலசாமி தோற்றுவிடுவார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாலாவது கேள்வி வரைக்கும் தாக்குப் பிடித்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்குப் புஷ்பத்துக்குக் காய்ச்சல்.

அந்த வியாழக்கிழமை ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துலேருந்து கடுதாசி வந்திருக்கு.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“நம்ம பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடந்தான். ரெண்டாம் வகுப்புக்கு டீச்சர் வேணுமாம். ஜூன் மாசத்துலேருந்து.”

“அத எதுக்கு உனக்கு எழுதுறாங்க?”

“நான் வேலை கேட்டு எழுதிப் போட்டேன். அவங்க பதில் போட்டிருக்காங்க.”

கையில் எடுத்த ரசஞ்சோறு அந்தரத்தில் நின்றது. “யாரைக் கேட்டு எழுதிப் போட்டே?”

“உங்களத்தான். மாசி மாசம் கேட்டேன். பேப்பர் படிச்சிக்கிட்டே ‘உம்’னீங்க.”

“அது பேப்பருக்குச் சொன்ன ‘உம்’!”

“பேப்பரு உங்ககிட்ட என்னாங்க கேட்டுச்சு?”

முதல் கேள்வி. அடைக்கலசாமி வேறு பக்கம் பாய்ந்தார். “பொம்பள வேலைக்குப் போனா ஊரு என்னா சொல்லும்?”

“டீச்சரம்மான்னு சொல்லும்.”

“என்னை என்னா சொல்லும்?”

“டீச்சர் வூட்டுக்காரருன்னு சொல்லும். இப்ப ‘பார்சலு’ன்னு சொல்றாங்க. ரெண்டுல எதுங்க உங்களுக்கு மரியாத?”

இரண்டாவது கேள்வி.

“புள்ளைங்கள யாரு பாத்துக்கிறது?”

“ரெண்டு புள்ளையும் அதே பள்ளிக்கூடந்தான். நான் அங்கயும் பாத்துக்குவேன். நீங்க இங்க இருந்துக்கிட்டே எந்தப் புள்ளயப் பாத்தீங்க?”

மூன்று. அடைக்கலசாமி மோருக்குப் போய்விட்டார்.

புஷ்பம் கல்யாணத்துக்கு முன்னாலேயே டீச்சர் டிரெயினிங் முடித்தவள். திருச்சியில் இரண்டு வருஷம் தங்கிப் படித்து வாங்கிய சர்ட்டிபிகேட், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சித்திரை வெயிலில் அதை எடுத்து விரித்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்து, நீவி மடித்து மறுபடி உள்ளே வைப்பாள். அடைக்கலசாமிக்கு எதிரிலேயே ஒன்பது தடவை அப்படிச் செய்திருக்கிறாள். ஒன்பது தடவையும் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தில் ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. கல்யாணமான பெண்ணை அவள் புருஷன் சம்மதமில்லாமல், பள்ளிக்கூடத்தை நடத்தும் கன்னியர் மடத்துப் பெரிய மதர் வேலைக்கு எடுப்பதில்லை. அந்தச் சம்மதத்தையும் எழுத்தில் கேட்கமாட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் நேரிலேயே வந்து புருஷன் வாயாலேயே கேட்டுக்கொள்வார்.

அப்படியானால் சாவி அடைக்கலசாமி கையில் அல்லவா? ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு மதர் மடத்துக்குப் போய்விடுவார். அடைக்கலசாமி அல்லவா அதே வீட்டில் இருக்க வேண்டும்? ஆகவே புஷ்பமே முன்வந்து ‘வேணாம் மதர்’ என்று சொல்லும்படி ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அன்று சாயங்காலம் திருச்சி பாசஞ்சரில் ஒரு படப்பெட்டி வந்து இறங்கியது.

ஜெயங்கொண்டம் ரோட்டில் கருப்பண்ணன் என்பவர் டெண்டுக் கொட்டகை போட்டிருந்தார். படப்பெட்டி எல்லாம் ரயிலில்தான் வரும். அடைக்கலசாமி கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். அதனால் கருப்பண்ணன் அவரிடம் எப்போதும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பேசுவார். அடைக்கலசாமியும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையெழுத்தோடு கொஞ்சம் இளப்பத்தையும் சேர்த்தே கொடுப்பார்.

அன்றைக்குப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் கருப்பண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“மோசம் போனேன் சார்! புதுப் படம் கேட்டேன். பத்து வருஷத்துப் பழசை அனுப்பியிருக்கான்!”

“என்னா படம்?”

“‘மாடியறை மர்மம் அல்லது மரகதவல்லியின் மனச்சஞ்சலம்.’ வந்தப்பவே ஓடாத படம் சார் இது. துப்பறியிற கதையாம். துப்பறியிற கதையில இருபத்தாறு பாட்டு!”

“புதுசு மட்டும் என்னா வாழுது?” என்றார் அடைக்கலசாமி. “தமிழ்ப் படமே படமில்லய்யா. பாட்டுக் கச்சேரிக்கு நடுவுல நாலு பேரு சண்ட போட்டுக்கிறது. அதுக்கு ஒரு டெண்டு, அதுக்கு ஒரு டிக்கெட்டு.”

“நீங்களே ஒருவாட்டி வந்து பாத்துட்டுச் சொல்லுங்க சார். ரொம்ப மோசம்னா இன்னைக்கே எடுத்துடறேன். சனங்க டெண்டைக் கிழிச்சிடுவாங்க.”

ஒரு படத்தை மோசம் என்று சொல்வதற்காகவே ஒருவர் தன்னைக் கூப்பிட்டு நாற்காலி போடுகிறார்! அடைக்கலசாமிக்கு வாழ்க்கையில் இவ்வளவு பொருத்தமான அழைப்பு வந்ததில்லை. ஸ்டேஷனில் லோடு அதிகம் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

படம் அவர் எதிர்பார்த்ததற்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஒரு பங்களா. மாடியில் ஒரு பூட்டிய அறை. அறைக்குள் ஒரு பிணம். பிணத்தைப் பார்த்ததும் மரகதவல்லி அலற வேண்டுமல்லவா? அலறவில்லை. பாடினாள். அவள் சரணத்துக்கு வந்தபோது பிணத்தின் வயிறு ஏறி இறங்கியது. இன்ஸ்பெக்டர் வந்தார். கொலை நடந்த வீட்டுக்கு வருகிறவர் காதில் பூ வைத்திருந்தார். இடி இடித்தபோது தகரத்தை ஆட்டுகிறவனின் முழங்கை ஓரத்தில் தெரிந்தது.

“இதெல்லாம் ஒரு பிணமா?” என்றார் அடைக்கலசாமி. பக்கத்தில் கருப்பண்ணன் வருத்தத்தோடு தலையாட்டினார்.

அப்போதுதான் மாடிப்படியில் ஒரு ஆள் இறங்கி வந்தார்.

மரகதவல்லியின் புருஷன் வேஷம். பெயர் கே. டி. பசுபதிலிங்கம் என்று டைட்டிலில் போட்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாத பெயர். பெரிய உடம்பு இல்லை. பட்டு ஜிப்பா இல்லை. தலையில் கிராப்பு, கண்ணில் ஒரு சாதாரணக் கண்ணாடி. மற்ற நடிகர்களெல்லாம் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டுமே என்று மேடை நாடகத்தில் கத்துகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். இந்த மனுஷன் கத்தவில்லை. காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசினார். பேசியதும் கொஞ்சம்தான். 

மரகதவல்லி பயந்துபோய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, “நான் என் தாயார் வீட்டிற்குச் செல்கிறேன் ஸ்வாமி!” என்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியின் ஒரு கண்ணைத் துடைத்தார். ஊதினார். இன்னொரு கண்ணைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவளை ஒரே ஒரு பார்வை பார்த்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, சொன்னார்.

“நல்லது.”

மரகதவல்லியின் கையிலிருந்த பெட்டி தொப்பென்று விழுந்தது. அவள் குனிந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். பாடக்கூட இல்லை.

டெண்டுக்குள் கடலை கொறிக்கும் சத்தம் நின்றுபோயிற்று. தரை டிக்கெட்டில் சுருண்டு படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். அடைக்கலசாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அப்புறம் அந்த மனுஷன் திரையில் வருகிற போதெல்லாம் படம் நிமிர்ந்து உட்கார்ந்தது. போகிற போதெல்லாம் படுத்துக்கொண்டது. இருபத்தாறு பாட்டையும் பூ வைத்த இன்ஸ்பெக்டரையும் மூச்சு விடுகிற பிணத்தையும் அவர் ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ரீல் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டபோது கருப்பண்ணன் பயந்துகொண்டே கேட்டார். “என்னா சார், எடுத்துடட்டுமா?”

“எடுத்தே, இனி உன் பெட்டி ஒண்ணுகூட ஸ்டேஷனை வுட்டு வெளிய போவாது.”

“நல்லாருக்குங்களா சார்?”

“படம் குப்பைய்யா. அந்த ஆளு மாணிக்கம். எங்க அவரு இப்ப?”

“இன்னும் ரெண்டு படம் நடிச்சாராம். அதுவும் ஓடல. அப்புறம் நாடகத்துக்கே திரும்பிப் போயிட்டாருன்னு சொல்றாங்க.”

“ரசனை கெட்ட சனங்க!” என்று அடைக்கலசாமி தமிழ்நாடு முழுவதையும் ஒரே மூச்சில் இளப்பம் பண்ணினார். “இத்தனை கோடிப் பேருல ஒருத்தருக்குக்கூட கண்ணு இல்ல. நான் வந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.”

கடைசி ரீலுக்கு முன்னால் பசுபதிலிங்கத்துக்கு விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இல்லாத படத்தைப் பார்ப்பது தன் மதிப்புக்குக் குறைவு என்று அடைக்கலசாமி எழுந்து வந்துவிட்டார்.

வெள்ளியும் போனார். சனியும் போனார். சனிக்கிழமை கொட்டகையில் மொத்தம் பதினேழு பேர். ஸ்டேஷனில் போர்ட்டரிலிருந்து பாயிண்ட்ஸ்மேன் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. “பசுபதிலிங்கம்னா யாரு, சொல்லு?” என்பார். தெரியாது என்றால், “அதான் நீ மூட்டை தூக்கறே,” என்பார்.

பார்சல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சின்ன முகக்கண்ணாடிக்கு எதிரில் ஒத்திகையும் நடந்தது. கழற்று. துடை. ஊது. துடை. வெளிச்சத்தில் பார். மாட்டு. பார்வை. “நல்லது.” முதலில் ஜலதோஷக்காரன் குரல் மாதிரி வந்தது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஒன்பது வருஷமாக, பேசிப் பேசித்தான் தோற்றிருக்கிறோம் என்பது அப்போது அவருக்கு உறைத்தது. பேசினால்தானே கேள்வி வரும்? பேசாதவனிடம் யார் என்ன கேட்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தார். புஷ்பம் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை இல்லை. மற்ற நாளாயிருந்தால் ‘இதெல்லாம் ஒரு காப்பியா?’ என்று தொடங்கி மூன்று கேள்வியில் மண்ணைக் கவ்வியிருப்பார். இன்றைக்கு டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஊதினார். துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். பார்த்தார்.

“நல்லது.”

புஷ்பத்தின் கண்கள் விரிந்தன. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று அடுப்படிக்குள் ஓடினாள். அங்கே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது.

அழுகிறாள்! அடைக்கலசாமிக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் முதலாக அவர் மனைவியைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். ரொம்ப நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. “வேற காப்பி போட்டுத் தரட்டுங்களா?” என்றாள். ‘தரட்டுங்களா’! அந்த ‘ங்களா’வை அடைக்கலசாமி காப்பியில் போட்டுக் கலக்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை அவள் வந்து நின்றாள். “வாழக்காய வறுக்கட்டுங்களா, கூட்டு வெக்கட்டுங்களா?”

துடைப்பு. ஊதல். துடைப்பு. “நல்லது.”

“ரெண்டும் பண்ணிடறேங்க,” என்று நடுங்கிய குரலில் சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். இரண்டும் வந்தது. 

புதன்கிழமை இன்னும் பெரிய பரீட்சை. “மிக்கேல் அண்ணன் இந்த வாரம் வந்து நாலு நாளு இருந்துட்டுப் போலாம்னு நெனைக்குதுங்க.”

மிக்கேல் வந்தால் அடைக்கலசாமியின் கட்டில் போய்விடும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை அவசரமே படவில்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு சுற்று அதிகம். “நல்லது.”

புஷ்பம் தரையைப் பார்த்தாள். “நீங்க இப்படிச் சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்குதுங்க. வர வேணாம்னு எழுதிப் போட்டுடறேன்.”

அன்று ஸ்டேஷனுக்குப் போகும்போது அடைக்கலசாமியின் செருப்பு தரையில் படவில்லை. கொட்டகைக்காரர் பெட்டியைத் திருச்சிக்குத் திருப்பி அனுப்ப வந்திருந்தார். அடைக்கலசாமி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “கருப்பண்ணா, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தின பெட்டி இது. பாத்து எறக்கச் சொல்லு.”

“உங்க குடும்பத்தையுங்களா சார்? எங்க டெண்டையில்ல கவுத்துடிச்சு!”

“உனக்குப் பாக்கத் தெரியல. எனக்குத் தெரிஞ்சிச்சு.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரிய மதர் வந்தார். வெள்ளை அங்கி, கையில் குடை, நடையில் ஒரு ரயில் எஞ்சின். சர்க்கார் இன்ஸ்பெக்டரே அவர் எதிரில் உட்காரமாட்டார் என்று பேச்சு. அடைக்கலசாமிக்கு அவரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இன்றைக்கு நாக்குக்கு வேலையே இல்லையே! தைரியமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். புஷ்பம் கதவோரம் நின்றாள். தலைப்பு ஏற்கெனவே வாய்க்கு வந்துவிட்டது.

மதர் சுற்றி வளைக்கவில்லை. “அடைக்கலசாமி, உங்க சம்சாரத்தோட சர்ட்டிபிகேட்டப் பார்த்தேன். முதல் வகுப்பு. இப்படி ஒரு பொண்ணை இத்தனை வருஷம் வீட்டுக்குள்ள வெச்சிருந்தது எனக்குப் பிடிக்கல. ஆனா உங்க சம்மதம் இல்லாம எடுக்க மாட்டேன். அவங்க எங்க பள்ளிக்கூடத்துக்கு வரலாமா?”

அடைக்கலசாமி கதவுப் பக்கம் திரும்பினார். புஷ்பத்தைப் பார்த்தார். அவள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தட்டு தட்டினால் போதும், அவளே ‘வேணாம் மதர்’ என்று சொல்லிவிடுவாள்.

“புஷ்பம், நீ என்னம்மா சொல்றே?” என்றார் மதர்.

“அவங்க சொல்றதுதான் மதர்,” என்றாள் புஷ்பம். குரல் உடைந்தது. “நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவங்க வாயாலயே சொல்லட்டும். அவங்க என்னா சொன்னாலும் எனக்குச் சம்மதம்.”

அடைக்கலசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

அப்படி ஒரு துடைப்பைப் பசுபதிலிங்கம்கூடத் துடைத்திருக்கமாட்டார். முதல் கண். ஊதல். இரண்டாவது கண். ஒரு தூசியைச் சுண்டுவிரலால் தட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். மதரே பேச்சு மூச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்குக்கு வந்தது. பார்வை கதவோரத்துக்குப் போனது. நிறுத்தி, நிதானமாக, அடி வயிற்றிலிருந்து சொன்னார்.

“நல்லது.”

“ரொம்ப நல்லது!” என்று மதர் எழுந்துவிட்டார். “ஊர்ல என்னென்னமோ சொன்னாங்க, எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்ற மனுஷன்னு. இவ்வளவு யோசிச்சு, ஒரே வார்த்தையில, மறுப்பில்லாம சம்மதிச்ச புருஷன இந்த ஜில்லாவிலேயே நான் பார்த்ததில்ல. ஜூன் ஒண்ணாந்தேதி எட்டரைக்கு வந்துடும்மா.”

“சரிங்க மதர்,” என்றாள் புஷ்பம். குரலில் நடுக்கம் இல்லை.

“இல்ல... மதர்... நான் சொன்னது...” அடைக்கலசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“என்ன சொன்னீங்க?”

என்ன சொல்வது? ‘நான் சொன்னது சாதாரண நல்லது இல்லை மதர், சினிமா நல்லது. அதற்கு அர்த்தம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்பது’ என்று ஒரு கன்னியாஸ்திரீயிடம் எப்படிச் சொல்வது? மதர் காத்துக்கொண்டிருந்தார். மதரின் குடையும் காத்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல மதர். நல்லதுன்னேன்.”

“கேட்டுது, கேட்டுது. கடவுள் உங்கள ஆசீர்வதிப்பாரு.”

மதரின் தலை தெரு முனையில் மறைகிற வரைக்கும் அடைக்கலசாமி வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே வந்தார். புஷ்பம் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, தலைப்பை எடுத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுவதும் குலுங்கிய முதுகுக்கு அப்போதுதான் அவருக்கு அர்த்தம் விளங்கியது.

“நீ அழுவலயா?”

“எங்கங்க அழுதேன்? அடுப்படியில வாயில துணிய வெச்சு அடச்சிக்கிட்டு நின்னேன். வயிறெல்லாம் வலி.”

“அப்ப மிக்கேலு?”

“அண்ணன் எங்க வரேன்னுச்சு? முந்திரிக் காட்ட வுட்டு இப்ப நகர முடியுமா அதுக்கு?”

அடைக்கலசாமிக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. “நீ அந்தப் படத்தப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்போ? யாரு கூட? என்னைக் கேக்காம டெண்டுக்குப் போனியா?”

“டெண்டுல இல்லங்க. திருச்சியில டிரெயினிங் படிக்கறப்ப. புதுசா வந்தப்ப ஒரு வாரங்கூட ஓடல. நானும் என்கூடப் படிச்ச ஜெயலட்சுமியும் அதுக்குள்ள நாலு தடவ பாத்துட்டோம். எங்க ஹாஸ்டல்ல சோறு நல்லா இல்லன்னா எல்லாரும் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிற மாதிரி பண்ணி ‘நல்லது’ம்போம். கண்ணாடி போடாதவளுங்களும் தொடைப்பாளுங்க.”

“நான் கண்டுபிடிச்ச ஆளு அவரு!” என்று கத்தினார் அடைக்கலசாமி. இருந்த ஒரே சொத்தும் போகிறது.

“நீங்களா? நாப்பது பொண்ணுங்க கண்டுபிடிச்சுப் பத்து வருஷமாச்சுங்க. அது சரி, கடைசி ரீலு பாத்தீங்களா?”

“அதுல அவரு இல்ல. எழுந்து வந்துட்டேன்.”

“அதான் கெட்டுது. விலங்கு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனவங்க திரும்பக் கொண்டாந்து வுட்டுடுவாங்க. கொலை பண்ணவன் சமையல்காரன். அந்தப் புருஷன் பாவம், ஒரு தப்பும் பண்ணல. பொண்டாட்டி தாயி வூட்டுக்குப் போறேன்னா, போயிட்டு வா, நல்லதுன்னு நெசமாவே சொல்லியிருக்காரு. அவளாத்தான் பயந்துக்கிட்டா.”

அடைக்கலசாமி பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். அவள் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சர்ட்டிபிகேட்டை எடுத்து, இந்தத் தடவை பெட்டிக்குள் திரும்ப வைக்காமல் சுவர் அலமாரியில் வைத்தாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். மனுஷன் முகம் செத்துப்போயிருந்தது. அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒண்ணு சொல்லட்டுங்களா? இது நாள் வரைக்கும் சொன்னதில்ல.”

“என்னா?”

“அந்தப் படம் பாத்த அடுத்த வருஷந்தான் நீங்க எங்க ஊரு ஏலாக்குறிச்சிக்குப் பொண்ணு பாக்க வந்தீங்க. ஒரே புழுக்கம். கண்ணாடி வேர்த்துப்போச்சு. யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசாம அத மெதுவாக் கழட்டித் தொடச்சீங்க. ஊதினீங்க. நான் கதவு இடுக்குல பாத்துக்கிட்டு நின்னேன். அப்படியே பசுபதிலிங்கம்! அதுக்கு முன்னாடி வந்த ரெண்டு மாப்பிள்ளைய வேணாம்னவ நான். அன்னிக்கே எங்கப்பாகிட்ட, கட்டுனா இவரத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டேன்.”

அடைக்கலசாமியின் முதுகு நிமிர்ந்தது. மீசைகூடக் கொஞ்சம் எழுந்தது. யாரையும் இளப்பம் பண்ண வேண்டும் என்றே அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. “நெசமாவா புஷ்பம்?” என்றார், குழைந்துபோய்.

“நெசமாத்தான். கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலம் வாயத் தொறந்தீங்க,” என்றாள் புஷ்பம். “இன்னும் மூடல.”